வெள்ளைப் பரலில் எடுத்தது

மகன்,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் கை எழுதப் போனது. நிறுத்திவிட்டேன். உன் நலத்தை முந்தாநாள் அம்மாவின் போனில் ஸ்பீக்கர் போட்டுக் கேட்டாயிற்று. என் நலத்தைப் பற்றி அம்மா உனக்குக் கிழமைக்கொரு தரம் அறிக்கை வாசிக்கிறாள். பிரஷர் எவ்வளவு, சீனி எவ்வளவு, அவளுக்குத் தெரியாமல் நான் எத்தனை ரோல்ஸ் தின்றேன் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆகையால் இரண்டு பேருடைய சுகமும் தெரிந்தபடிதான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் என்னால் ஏலாது. வாயைத் திறந்தால் எனக்குப் பகிடிதான், ஆட்களைச் சிரிக்க வைக்கிற கதைதான் முதலில் வரும், பின்னால் வரவேண்டியது வராமலே போய்விடும். எழுத்திலும் வரும்தான். ஆனால் எழுத்தில் வெட்டலாம். இதுவரை நான்கு தாள் வெட்டியாயிற்று.

முந்தாநாள் நடந்ததை உனக்கு நானே திருப்பிச் சொல்வது விசர்க்கதை போலத்தான் இருக்கும். ஆனாலும் போனின் இந்தப் பக்கத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. நிலாவெளிப் பக்கம் யாரோ ஒருவர் பாவித்த சமையல் எண்ணெயில் டீசல் செய்ய இடம் போடுகிறார், வேலை தெரிந்த ஆள் தேடுகிறார், உன் பெயரைக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்து போனார் என்று அம்மா உனக்குச் சொன்னாள். அவள் குரலில் எவ்வளவு ஆசை இருந்தது என்பது அந்த ஸ்பீக்கரில் உனக்குக் கேட்டதோ தெரியாது. நீ அவளை முழுக்கச் சொல்ல விட்டாய். பிறகு சொன்னாய்: "அம்மா, அந்த வேலை எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா றவூப் நானா கடலில அப்பிடிக் கிடந்திருக்க மாட்டார். என்ன பிழை விட்டனான் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியேல்ல. பிழை எங்க எண்டு தெரியாதவன் அந்த வேலைக்குப் போகக்கூடாது. நான் இஞ்ச கட்டாரில அடுத்த மூண்டு வருச வேலைக்குத் திங்கட்கிழமை சைன் வைக்கிறன்." அம்மா சரி ராசா என்றாள். நான் கதிரையில் இருந்து ஒரு ரோல்ஸைக் கடித்தபடி இருந்தேன். கடித்தது கடித்தபடியே நின்றது. என் ஆயுசில் தின்ன முடியாமல் கீழே வைத்த முதல் ரோல்ஸ் அதுதான்.

உனக்குத் தெரியாத அந்தப் பிழை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும், மகன். நாடே வரிசையில் நின்ற அந்த வருடத்திலிருந்து தெரியும். அது உன்னுடைய பிழை இல்லை. என் பகிடிகளை அச்சடிக்கிற இந்த ஊர்ச் சஞ்சிகையிலேயே இதையும் போடச் சொல்லியிருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. உன் மீது பழி விழுந்தது எல்லார் முன்னாலும். அதைத் தூக்குவதும் எல்லார் முன்னாலும்தான் நடக்க வேண்டும். அச்சாக முந்தி உனக்குப் படம் எடுத்து அனுப்புகிறேன். திங்களுக்கு முன் நீ வாசிக்க வேண்டும்.

கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறு. நீ கம்பஸில் இரசாயனம் முடித்து வந்து வேலையில்லாமல் நின்ற காலம். டீசலுக்கு ஆட்கள் நாட்கணக்கில் வரிசையில் பாய் விரித்துப் படுத்தார்கள். மீன்பிடி போட்டெல்லாம் கரையில் ஏறிக் கிடந்தது. அம்மா வழக்கம்போலக் குசினியில் தேத்தண்ணிக் கடைகளுக்கு ரோல்ஸும் பற்றிஸும் பொரித்துக்கொண்டிருந்தாள். பொரித்து முடிந்த எண்ணெயை அவள் பின்வளவில் ஊற்றப் போக, நீ கையைப் பிடித்து மறித்தாய். அந்தக் காட்சியை நான் எத்தனை இடத்தில் நடித்துக் காட்டியிருப்பேன்! "பெத்த தாயின்ர கையைப் பிடிச்சு எண்ணெய்ச் சட்டிக்குச் சண்டை போட்டவன் என்ர மகன்" என்று. முதல் லீற்றரை நீ செய்து முடித்துப் பக்கத்து வளவுக்காரரின் லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில் ஊற்றி ஓட்டினாய். எங்கள் உவர்மலை முழுக்க ரோல்ஸ் வாசம். "எங்கட வீட்டுப் புகைக்கு ஆக்கள் பிளேன்ரீ எடுத்துக்கொண்டு வருகினம்" என்று நான் கந்தோரில் சொல்ல, ஃபைலைத் தூக்கிக்கொண்டு போன பியோன்கூட நின்று சிரித்தான். உன்னைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை என்பதை நான் சொன்னதெல்லாம் இப்படித்தான். வேறு பாஷை எனக்கு வராது. நீ அதைப் பெருமை என்று எடுத்தாயா, ஏளனம் என்று எடுத்தாயா என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்கப் பயமாயிருக்கிறது.

உன் வேலையை நான் அருகில் நின்று பார்த்தேன். விளங்கியதை விட வேடிக்கை பார்த்ததுதான் அதிகம். கடைகளிலும் ஹோட்டல்களிலும் கரி எண்ணெய் வாங்கி வருவாய். என் பழைய வேட்டியில் வடிப்பாய். அடுப்பில் வைத்து, சடசடப்பு அடங்கும் வரை காய்ச்சி, அதிலிருக்கும் தண்ணீரைப் போக்குவாய். பிறகு ஒரு சின்னக் குழாயால் சொட்டுச் சொட்டாக விட்டு, இந்த எண்ணெய் எவ்வளவு புளித்துப் போயிருக்கிறது, இதற்குக் கோஸ்ரிக் சோடா எவ்வளவு போடவேண்டும் என்று பார்ப்பாய். மெதனோலில் அதைக் கரைக்கும்போது எங்களைக் கிட்ட வர விடமாட்டாய், மூச்சில் போனால் கூடாது என்று. அதை எண்ணெயில் கலந்து ஒரு இரவு விட்டால் கீழே கறுப்புத் தேன் மாதிரிக் கிளிசரின் இறங்கும், மேலே தெளிந்தது நிற்கும். அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். நீ "இனித்தான் வேலையே" என்றாய். தண்ணீர் விட்டுக் கழுவுவாய். கழுவின தண்ணீர் பால் போல இறங்கும், திறந்து விடுவாய், மறுபடியும் கழுவுவாய். கழுவியதைச் சூடாக்கி ஈரம் போக்கி மூன்று நான்கு நாள் சும்மா விடுவாய். அந்தச் சும்மா விடுகிறதுதான் எனக்கு விளங்காத இரசாயனம். கடைசியாக ஒரு போத்தலில் எடுத்து, அதற்குப் பின்னால் பேப்பரைப் பிடிப்பாய். போத்தலுக்குள்ளால் எழுத்து வாசிக்கலாம் என்றால் சரி. எழுத்து மங்கினால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, ஒருவருக்கும் கொடுக்கமாட்டாய். "அப்பா, இதில அவசரப்பட்டா எஞ்சின் ஆளைக் கைவிட்டிடும்" என்று நீ சொன்னபோது நான் தலையாட்டினேன். கந்தோரில் முப்பது வருடமாக ஆட்டிப் பழகின தலை.

என் வாய் உன் தொழிலுக்கு முதல் கொள்ளி வைத்தது றவூப் நானாவின் கதைக்கும் முந்தியே. உனக்கு நினைவிருக்கும். எந்தக் கடை எண்ணெய் எவ்வளவு பழசு என்று உன் சொட்டுக் கணக்கில் தெரியும் என்பது எனக்குத் தெரியவந்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. இப்படி ஒரு புதினம் கையில் இருந்தும் வாயைப் பொத்திக்கொண்டிரு என்றால், அது என்னைப் படைத்தவருக்கே அடுக்குமா? திருகோணமலை ஜெற்றிப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்துகொண்டு, பஸ் நிலையத்துக்கு முன்னால் உள்ள கடைக்காரர் போன நத்தார்ப் பண்டிகைக்கு ஊற்றின எண்ணெயில்தான் இந்தச் சித்திரை வருசத்துக்கும் வடை சுடுகிறார் என்றேன். பின்னேரத்துக்குள் கதை அந்தக் கடைக்குப் போய், நீ எண்ணெய் எடுக்கப் போன இடத்தில் அவர் வெறும் எண்ணெய்க் கானை உன் காலடியில் போட்டார். நீ வீட்டுக்கு வந்து சத்தம் போடவில்லை. "அப்பா, அவையள் என்னை நம்பித்தானே தாறவை" என்றாய், அவ்வளவுதான். நான் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்ட விதமும் பகிடிதான். அவர் சிரித்து மறுபடி எண்ணெய் தந்தார். அது எனக்கு நல்லதாகப் போகவில்லை, மகன். சிரிக்க வைத்தால் எதையும் சரிக்கட்டலாம் என்று அன்றைக்குப் படித்துக்கொண்டேன். பிழையாகப் படித்த பாடம்தான் மறக்காமல் நிற்கிறது. உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால், அது விட்ட பிழையை முகத்தைப் பார்த்துச் சொல்ல வைத்துப் பழக்கு. சிரிக்க வைத்துத் தப்ப விடாதே.

இனி றவூப் நானா. ஊருக்கே அண்ணன், அதனால் எல்லாருக்கும் நானா. மூதூரில் வீடு, டீசல் எஞ்சின் போட் ஒன்று, கொட்டியாரக் குடாவில் அவருக்குத் தெரியாத அலை இல்லை. ஒரு காணிப் பிரச்சினைக்கு எங்கள் கந்தோருக்கு நடந்து நடந்து என்னோடு சிநேகிதமானவர். என்னைக் "கிளாக்கர்" என்றுதான் கூப்பிடுவார். என் கதைகளுக்கு முதலில் சிரிப்பவரும் கடைசியாகச் சிரிப்பை நிறுத்துபவரும் அவர்தான். அந்த நாட்களில் அவருடைய போட்டும் மற்றவற்றைப் போலக் கரையில் கிடந்தது. மகளைக் கட்டிக்கொடுத்து நாற்பது நாளும் ஆகவில்லை. மருமகனும் அவரோடு கடலுக்குப் போகிறவன். இரண்டு குடும்பமும் ஒரு போட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் தேத்தண்ணிக் கடையில் ஒவ்வொரு நாளும் உன் எண்ணெயைப் புகழ்ந்து தள்ள, ஒருநாள் அவர் எல்லாருக்கும் கேட்கக் கேட்டார்: "என்ன கிளாக்கர், மகன்ட எண்ணெ கதைக்கு மட்டுந்தானா ஓடும்? போட்டுக்கு ஓடாதா?" கடை முழுக்கச் சிரித்தது. இருபது வருடமாக அந்தக் கடையில் ஆட்களைச் சிரிக்க வைத்தவன் நான். அன்றைக்குத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "சனிக்கிழமை கானோட வாங்கோ நானா" என்று சொல்லிவிட்டு எழும்பினேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை உன் பின்வளவில் இடுப்பளவு பீப்பாயாக இரண்டு பரல் நின்றது. நீலப் பரலில் காய்ந்து தெளிந்தது. வெள்ளைப் பரலில் ஒருதரம் மட்டும் கழுவினது. நீ காலமையே நிலாவெளிக்கு வெளிக்கிட்டாய். அங்கே ஒரு ஹோட்டல்காரர் தன் ஜெனரேற்றருக்கு உன்னுடையதை வாங்க ஒத்துக்கொண்டிருந்தார். உன் முதல் பெரிய ஓடர். போகும்போது வாசல் படலையில் நின்று எனக்குச் சொன்னாய்: "அப்பா, நீலத்தைத் தொடாதேங்கோ, அது ஹோட்டலுக்கு. வெள்ளை இன்னும் மூண்டு நாளைக்கு ஒருத்தருக்கும் இல்லை." ஓம் ஓம் என்றேன். நீ போய்க் கொஞ்ச நேரத்தில் றவூப் நானா இரண்டு கானோடும் மருமகனோடும் வந்தார். வேடிக்கை பார்க்கத் தேத்தண்ணிக் கடை ஆட்கள் இரண்டு பேரும் கூட வந்தார்கள். சனம் கூடினால் எனக்கு என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். நீலத்தைத் தொட மனம் வரவில்லை, அது உன் ஓடர். வெறுங்கானோடு அவரை அனுப்பவும் முடியவில்லை, அது என் மானம். ஒரே எண்ணெய்தானே, நீலமென்ன வெள்ளையென்ன என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டு வெள்ளைப் பரலில் ஒரு போத்தல் மொண்டேன்.

பார்த்தால் மோர் மாதிரி இருந்தது. றவூப் நானா கண்ணைச் சுருக்கினார். "கொஞ்சம் கலங்கலா இரிக்கே கிளாக்கர்?" என்றார். "அது வெயில் நானா. இதுக்கு ஒரு சோதினை இருக்கு, நிண்டு பாருங்கோ" என்று உள்ளே போய் அன்றைய பேப்பரை எடுத்து வந்தேன். மரண அறிவித்தல் பக்கத்தை மடித்துப் போத்தலுக்குப் பின்னால் பிடித்தேன். எனக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை, மகன். ஒரு கறுப்புக் கோடுகூட இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தைக் காலமை தேத்தண்ணியோடு இரண்டு தரம் வாசித்திருந்தேன், எனக்குத் தெரிந்தவர்கள் யாராவது முந்திக்கொண்டார்களா என்று பார்க்க. ஆகவே குரலை உயர்த்தி வாசித்தேன்: "கட்டைபறிச்சானைப் பிறப்பிடமாகவும், திருகோணமலையை வதிவிடமாகவும் கொண்ட, இளைப்பாறிய தபாலதிபர் அவர்கள்..." இடையிடையே போத்தலைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டு போனேன். ஒரு இடத்தில் எழுத்துச் சிறிது என்று முகத்தைச் சுளித்தேன். மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரையும் வாசித்து, நல்லடக்கத்துக்கு நேரமும் சொல்லி முடித்தேன். கூட வந்தவர்கள் கை தட்டினார்கள். மருமகன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "மாஷா அல்லாஹ்" என்றார் றவூப் நானா. இரண்டு கானும் நிறைந்தது. என் ஆயுசில் நடித்ததில் அதுதான் திறம். அதை இத்தனை வருடம் ஒருவருக்கும் சொல்ல முடியாமல் போனதுதான் அதற்குக் கிடைத்த கூலி.

அடுத்த நாள் விடிய அவர்கள் போனார்கள். கச்சான் காற்று பலமாக அடிக்கிற நாட்கள். அந்தக் காற்று கரையிலிருந்து வெளிக்கடலுக்குத் தள்ளும். குடா வாசல் தாண்டும் மட்டும் எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடியிருக்கிறது. பிறகு இருமத் தொடங்கியது. ஃபில்ரரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வெள்ளைச் சளி. துடைத்துப் பூட்டினால் கொஞ்சத் தூரம் ஓடும், மறுபடி நிற்கும். மூன்றாம் தரம் நின்றது நின்றதுதான். பின்னேரம் போட் திரும்பவில்லை, அது எங்கள் வீட்டு எண்ணெயில்தான் போனது என்று மூதூரிலிருந்து போன் வந்தது. நீ குசினி வாசலில் நின்று என்னைக் கேட்டாய். "அப்பா, எந்தப் பரலில எடுத்துக் குடுத்தனீங்கள்?" அந்தக் கேள்விக்கு இரண்டு பதில் இருந்தது. வெள்ளை என்றால் ஈரம் போகாததைத் தெரிந்துகொண்டு கொடுத்து இரண்டு உயிரைக் கடலில் விட்டவன் நான். நீலம் என்றால் உன் சொல்லை மீறி ஓடருக்கு வைத்ததைத் தொட்டவன், அவ்வளவுதான். சின்னக் குற்றத்தை ஒத்துக்கொண்டு பெரியதை மறைத்தேன். "நீலத்தில" என்றேன். நீ ஜெற்றிக்கு ஓடினாய். நீ படலையைத் தாண்டியதும் நான் பின்வளவுக்குப் போய், நீலப் பரலிலிருந்து இரண்டு கான் எடுத்து வெள்ளைப் பரலில் ஊற்றினேன், மட்டம் சரியாக இருக்கட்டும் என்று. ஒரு துளி நிலத்தில் சிந்தவில்லை. அதைத்தான் பிறகு அடிக்கடி யோசிப்பேன்.

மறுநாள் மத்தியானம் திரியாய்ப் பக்கத்துப் போட் ஒன்று அவர்களைக் கண்டு கட்டி இழுத்து வந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் இழுவைக் கயிறு போட் விளிம்பில் இறுகினபோது றவூப் நானாவின் வலக்கை அகப்பட்டு இரண்டு விரல் நசிந்து போனது. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். கரையில் அவருடைய மகள் நின்ற நிலையை நீயும் நானும் ஒன்றாகத்தான் பார்த்தோம். நீ அவளைப் பார்க்க முடியாமல் திரும்பினாய். நான் உன்னைப் பார்க்க முடியாமல் திரும்பினேன்.

அதற்குப் பிறகு நீ செய்ததை ஒவ்வொன்றாக எழுத வேண்டியிருக்கிறது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். நீ ஆஸ்பத்திரிக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டாய். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கடைகளிலும் ஜெற்றியிலும் உன் எண்ணெயைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் நீ கேட்டுக்கொண்டு வந்தாய். ஹோட்டல்காரருக்கு நீயே போன் எடுத்து, என்னிடம் வாங்காதேங்கோ, அது நம்பேலாது என்றாய். பிறகு நீலப் பரலை வைத்துக்கொண்டு மூன்று கிழமை இருந்தாய். போத்தலில் எடுத்துப் பேப்பர் பிடித்தாய், எழுத்து முத்துப் போலத் தெரிந்தது. லான்ட்மாஸ்ரரில் ஊற்றி ஒரு நாள் முழுக்க ஓடவிட்டாய், இருமவே இல்லை. கொப்பியைத் திறந்து அன்றைய அளவுகளைத் திருப்பித் திருப்பிக் கூட்டினாய். ஒருநாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி சொன்னாய்: "அப்பா, இதில ஒரு பிழையும் காணேல்ல. அதுதான் எனக்குப் பயமாயிருக்கு. பிழையைக் கண்டா திருத்தலாம். காணாட்டி, எனக்கு இந்த வேலை தெரியாதெண்டுதானே அர்த்தம்." அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். நீ எனக்கு எதிரே ஒரு கை தூரத்தில் இருந்தாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எஞ்சினுக்கு அம்மான்ர ரோல்ஸ் பிடிக்கேல்லப் போல" என்றேன். நீ சிரித்தாய். அப்பா பகிடி விடுகிறாரே, சிரிக்காவிட்டால் மனம் நோவார் என்று சிரித்த சிரிப்பு அது. எத்தனையோ பேர் சிரித்ததை நான் மறந்துவிட்டேன். அந்தச் சிரிப்பு மட்டும் போகவில்லை.

நீ பரல்களை விற்றுவிட்டுக் கட்டாருக்குப் போனாய். இரசாயனம் படித்தவன் ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு ஸ்ரிக்கர் ஒட்டுகிறாய். ஒட்டுகிற வேலை குறைந்தது என்று நான் சொல்லவில்லை. முப்பது வருடம் ரபர் முத்திரை குத்தினவன் அதைச் சொல்ல ஏலாது. ஆனால் நீ அங்கே போனது அந்த வேலையை விரும்பியல்ல, உன் கையை நீயே நம்பாமல்தான். அந்த நம்பிக்கையை எடுத்தவன் நான். கோயிலிலும் இதைச் சொல்லாமல் தப்பினேன். பாவசங்கீர்த்தனத்தில் "பொய் சொன்னேன் சுவாமி" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு, விபரம் கேட்காத சுவாமியார் யார் என்று பார்த்து அந்த வரிசையில்தான் நின்றேன். முந்தாநாள் உன் போன் முடிந்ததும் அம்மாவிடம் முழுக்கச் சொன்னேன். அவள் மாவைப் பிசைந்து முடித்தாள். கையைக் கழுவினாள். "இஞ்சேருங்கோ," என்றாள், "அந்த மூண்டு கிழமையும் அவன் சாப்பிடாமல் கிடந்தான். நான் சோத்துக் கோப்பையோட அவனுக்குப் பின்னால திரிஞ்சன். நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள் என்ன?" ஓம் என்றேன். "எனக்குச் சொல்லி என்ன செய்ய? போங்கோ. சொல்ல வேண்டிய இடங்களுக்குப் போய்ச் சொல்லுங்கோ." அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு மேசைக்கு வருகிறது, கதை வருவதில்லை.

நேற்றுக் கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் மூதூருக்குப் போனேன். றவூப் நானா வீட்டு முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். மூன்று விரலால் ஊசி பிடிக்கிற லாவகம் வந்துவிட்டது அவருக்கு. "வாங்க கிளாக்கர், என்ன இந்தப் பக்கம், புதுக் கதையா?" என்று சிரித்துக்கொண்டே இருக்கச் சொல்லி வாங்கைக் காட்டினார். பழைய கதை என்றேன். வெள்ளைப் பரல், மரண அறிவித்தல், நீலம் என்று சொன்ன பொய், மட்டம் சரிக்கட்டினது எல்லாம் சொன்னேன். ஊசி நின்றது. கையைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்தேன். பேசவில்லை. "வெரல் போனது போகட்டும், அது அல்லாட நாட்டம்" என்றார். "ஒங்கட பொடியன் ஆஸ்பத்திரியில என்ட கால்மாட்டுல நிண்டு அழுதான் கிளாக்கர். நான் மூஞ்சத் திருப்பிக்கிட்டன். குத்தமில்லாத ஒரு புள்ளையில நான் மூணு வருசமாக் கோவம் வெச்சிருந்திருக்கன். அந்தப் பாவத்த ஏன் என்ட தலையில வெச்சீங்க?" மருமகன் உள்ளேயிருந்து வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கண்ணில் இருந்ததை நான் எழுதப் போவதில்லை. அது எனக்கு உரியது, நானே வைத்துக்கொள்கிறேன்.

நானா எழும்பிக் கொடியிலிருந்த சேட்டை எடுத்து மாட்டினார். "எழும்புங்க. அவன்ட எண்ணெ கெட்ட எண்ணெண்டு நான் எங்க வெச்சுச் சொன்னனோ, அங்க வெச்சு நீங்க சொல்லணும்." என்னை மூதூர் ஜெற்றிக்கு நடத்திக்கொண்டு போனார். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், பாதிப் பேர் திருகோணமலைக் கடையில் என் பகிடி கேட்டுப் பழகினவர்கள். என்னைக் கண்டதும் ஒருவர் இடம் விட்டுத் தள்ளி இருந்து, "கிளாக்கர் வந்துட்டார், இனி வேலை நடந்தாப்போலதான்" என்றார். நான் நின்றபடியே சொன்னேன். எங்கே நிறுத்தினால் சனம் சிரிக்கும் என்று எனக்குத் தெரியும். போத்தலுக்குப் பின்னால் பேப்பர் பிடித்த இடத்தில் ஒருவர் சிரிக்க வாய் எடுத்தார். நான் நிறுத்தாமல் போனேன், அவர் வாயை மூடிக்கொண்டார். அப்படியே சொல்லி முடித்தேன். பிறகு பின்னாலிருந்து ஒருவர், என்னைப் பாராமல், றவூப் நானாவைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப அந்தப் பொடியன்ட எண்ணெ நல்லதா, நானா?" "நல்லது" என்றார் நானா. "அந்தப் புள்ள செஞ்சது நல்லது."

இவ்வளவுதான் மகன். வா என்று உன்னைக் கூப்பிட எனக்கு வாயில்லை. திங்கட்கிழமை உன்னுடையது. அங்கேயே இருக்க விருப்பமென்றால் இரு, கையெழுத்தை வை. ஆனால் உனக்குத் தெரியாத வேலை என்று நினைத்து வைக்காதே. உனக்குத் தெரியும். அன்றைக்கு நீலப் பரலில் இருந்தது சரியான டீசல், வெள்ளைப் பரலைப் பற்றி நீ சொன்ன மூன்று நாளும் சரியான மூன்று நாள். அந்த டீசல் இடம் போடுகிற நிலாவெளிக்காரர் எழுதித் தந்த நம்பரை அம்மா வைத்திருக்கிறாள், கேட்டால் தருவாள். என்னோடு நீ கதைக்க வேண்டுமென்று நான் கேட்கவில்லை. கோபம் எவ்வளவு நாள் இருக்குமோ அவ்வளவு நாளும் இருக்கட்டும். நீ ஏசினாலும் அதை ஒரு பகிடியாக்கிக் கடையில் கொண்டுபோய்ச் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். றவூப் நானா உன் நம்பரைக் கேட்டார், கொடுத்துவிட்டேன். இன்று அல்லது நாளை எடுப்பார். அவர் குரலைக் கேட்டதும் பழக்கத்தில் நீ மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிடாதே. அவரை முதலில் பேச விடு.

அப்பா